விலை இறங்கியது, சர்வீஸ் எங்கே போனது?

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடையில் விலை கேட்பார்கள், ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கேட்பார்கள். பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். அதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினீயராக இருந்தேன். 2000-ஆம் ஆண்டு வாக்கில் நல்ல லேப்டாப் ஒன்று வேண்டுமென்றால் லட்ச ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அலுவலக மாடல்களுக்கு மூன்று வருட வாரன்டி கொடுப்பது வழக்கம். போன் வந்தால் மறுநாள் காலையில் மாற்று கீபோர்டும் மாற்று ஹார்ட் டிஸ்க்குமாக நான் அவர்கள் மேசைக்கே போய்விடுவேன். வேலை முடியும்வரை வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். என்ன கெட்டுப்போனது, ஏன் கெட்டுப்போனது என்று அவருக்கும் தெரிந்துவிடும்.

அந்தக் காலத்து ஐ.பி.எம். திங்க்பேட் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. ஒவ்வொரு மாடலுக்கும் பழுது பார்க்கும் கையேடு உண்டு. எந்த மூடியை முதலில் கழற்றுவது, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஸ்குரூ, எந்த உதிரிப்பாகத்துக்கு என்ன எண் என்று படம் போட்டு எழுதியிருப்பார்கள். கம்பெனி ஆட்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கவில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2005-இல் ஐ.பி.எம்.மின் பர்சனல் கம்ப்யூட்டர் பிரிவை லெனோவா வாங்கிய பிறகும் இந்த நல்ல பழக்கம் தொடர்கிறது. என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் பாடமே அந்தக் கையேடுதான். ஒரு பொருளைச் செய்தவன் அதைக் கழற்றவும் சொல்லிக்கொடுக்கிறான் என்றால், வாங்கியவனை மதிக்கிறான் என்று அர்த்தம்.

பிறகு விலை மளமளவென்று இறங்கியது. 2007-இல் ஏசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி என்ற குட்டி லேப்டாப் வந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. வீட்டில் முதன்முதலாகக் கணினியைப் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. அது நடக்க வேண்டிய காரியம்; விலை குறைந்ததை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். முப்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் கம்பெனிக்கு நிற்கும் லாபம் சொற்பம். இன்ஜினீயரை இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் போய்விடும். அதனால் வீட்டுக்கு வரும் சேவையைச் சில மாடல்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் தனிக் காசு கேட்கிறார்கள். போன் செய்தால் முதலில் பேசுவது பதிவு செய்த குரல். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. அமெரிக்க வாடிக்கையாளர்களின் அழைப்புகளையும் எடுக்க டெல் நிறுவனம் 2001-இல் பெங்களூரில் கால் சென்டர் திறந்தது. 2003-இல் அவர்கள் புகார் சொன்னதும், அங்குள்ள நிறுவன வாடிக்கையாளர்களின் அழைப்புகளை மட்டும் அமெரிக்காவுக்கே திருப்பிக்கொண்டது. பெரிய தொகைக்கு வாங்குகிறவர் சொன்னால் காது கொடுக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இதைவிடப் பெரிய மாற்றம் பழுது பார்க்கும் மேசையில் நடந்தது. சமீபத்தில் ஒரு அப்பா தன் மகளின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். ஆன் ஆகவில்லை. வாரன்டி முடிந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, லேப்டாப் விலையில் பாதியைக் கேட்டிருக்கிறார்கள். மகளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் போர்டை வெளியே எடுத்து மல்டிமீட்டரை வைத்தேன். சார்ஜரிலிருந்து மின்சாரம் உள்ளே வரும் பாதையில் ஷார்ட். அந்தப் பாதையில் கடுகளவு கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். கெட்டது எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. போர்டின் மேல் ஆல்கஹால் திரவத்தை மெல்லத் தடவி, ஒரு வோல்ட் அளவுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். ஷார்ட் ஆன கெபாசிட்டர் மட்டும் சூடாகும். சுற்றிலும் ஈரம் பளபளக்க, அது இருக்கும் இடம் மட்டும் வட்டமாகக் காயும். பார்க்கவே அவ்வளவு அழகு! அந்த ஒன்றை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். லேப்டாப் ஆன் ஆனது. அந்தக் கெபாசிட்டரின் விலை சில ரூபாய்தான்.

சர்வீஸ் சென்டர் பையன்களை நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களில் பலருக்கு இந்த வேலை தெரியும். போர்டை மாற்று, அடுத்த ஆளைப் பார் என்பது மேலிடத்து உத்தரவு. கெட்ட பாகத்தை மட்டும் மாற்றும், அங்கே அனுமதி இல்லாத இந்தச் சிப் லெவல் வேலை இப்போது ரிச்சி தெருவிலும், ஊர் ஊராக முளைத்திருக்கும் சின்னக் கடைகளிலும் நடக்கிறது. எங்களுக்கு வேண்டியது திங்க்பேடுக்கு இருப்பது போன்ற கையேடும், சர்க்யூட் வரைபடமும், உதிரிப்பாகமும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-இல் ஒரு குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியிருக்கிறது. அது வேகம் பிடிக்க வேண்டும்.

நேரம் நெருங்குகிறது. ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்ட மாடல்களைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. இப்போதைக்கு, வாங்கும்முன் ரேமைக் கழற்ற முடியுமா, பேட்டரி தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்டுவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். வாரன்டி இருக்கும்போதே யாராவது அலைக்கழித்தால் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.