‘பாய்காட்’ என்னும் சொல்



ஆங்கிலத்தில் ‘பாய்காட்’ என்னும் வினைச்சொல்லைப் பகிஷ்கரித்தல், புறக்கணித்தல் எனத் தமிழில் வழங்குகிறோம். அது ஒரு மனிதரின் பெயராக இருந்தது என்பதைப் பலர் அறியார்.

அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். விளைச்சல் குன்றியதால் குடியானவர்கள் குத்தகைக் குறைப்புக் கோரினர். 1880 செப்டம்பரில் வெளியேற்ற நோட்டீசுகளே வந்தன. நிலச் சங்கத் தலைவர் பார்னெல் எடுத்துரைத்த வழியை மக்கள் கைக்கொண்டனர். பண்ணையாட்கள் வேலைக்கு வரவில்லை. கொல்லர் பட்டறை அவருக்கு மூடிற்று. கடைக்காரர் பண்டம் விற்கவில்லை. அறுவடைக்கு வெளியூரிலிருந்து 50 ஆட்களைக் கொணர்ந்து, ஏறத்தாழ 1,000 படைவீரர்களைக் காவல் நிறுத்த வேண்டியதாயிற்று. அவ்வாண்டு முடியுமுன் பாய்காட் ஊரைவிட்டு அகன்றார்.

இச்செயலுக்கு ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்னும் சொல் இருந்தது. ஏதென்ஸ் நகரத்தார் ஓட்டுச் சில்லில் பெயரெழுதி ஒருவரை நாடு கடத்திய வழக்கில் பிறந்த சொல் அது. பாமரர்க்கு அது விளங்காது எனக் கருதிய பங்குக் குரு ஜான் ஓமேலி, ‘பாய்காட்’ எனலாமே என்றதாக ரெட்பாத் என்னும் அமெரிக்க இதழாளர் எழுதினார்.

எளியோர் கையில் பெயர் பெற்ற இக்கருவியின் மறுமுனையை நம் முன்னோர் அறிவர். கூலி உயர்த்திக் கேட்டாலும், பொதுக்கிணற்றில் நீர் மொண்டாலும் ஊர்க்கட்டுப்பாடு வந்தது. வேலை இல்லை, கடையில் உப்பு இல்லை, நடக்கப் பாதை இல்லை. பாய்காட்டுக்கு 1,000 வீரர்கள் காவல் நின்றனர். நம் முன்னோர்க்கு நின்றவர் யார்?

ஆகவேதான் 1930-இல் தொடங்கிய வட்டமேஜை மாநாட்டில், டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் தம் கோரிக்கைத் திட்டத்தில் பகிஷ்காரத்தைக் குற்றமாக்கக் கேட்டனர். 1922-ஆம் ஆண்டுப் பர்மியச் சட்டத்தை முன்மாதிரியாகவும் கொண்டனர். தீண்டாமை ஒழிப்பால் கிடைத்த உரிமையைப் பயன்படுத்தியவரைப் பகிஷ்கரிப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமென வெளிப்படையாக வகுத்தது.

மாணவச் செல்வங்களே! சொல்லின் பொருளை மனப்பாடம் செய்வதோடு நில்லாதீர்கள். அதை ஏந்துவோர் யார், அடிபடுவோர் யார் என்றும் கேளுங்கள். சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதைப் படித்து, மனு எழுதி, உரிய இடத்தில் கொடுக்கத் தெருவுக்கு ஒருவரேனும் வேண்டும். அத்தகையோரை உருவாக்கவே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபட்டது. அப்பணியை இனி நீங்கள் ஏற்க வேண்டுகிறோம்.