சுவரில் ஒரு பாரோமீட்டர்

வீட்டு அலங்காரம் என்றதும் தஞ்சாவூர் ஓவியம், குத்துவிளக்கு, ஊஞ்சல் என்று நம் மனம் பழகிய வழியிலேயே போகும். அவற்றோடு ஒரே கூடத்தில் இருக்கத் தகுந்தவை பழைய அறிவியல் கருவிகள். பித்தளை மைக்ராஸ்கோப், ஆய்வுக்கூடத் தராசு, துணியில் ஒட்டிய தாவரவியல் சார்ட், சுவரில் மாட்டும் பாரோமீட்டர். பார்க்க இவை அழகுதான். ஆனால் அழகுக்காக மட்டும் மாட்டிவிட்டால் பாதி இன்பம் போய்விடும். கருவி ஓட வேண்டும், அது எதை அளக்கிறது என்று வீட்டிலுள்ள குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பொருள் வாங்கி அடுக்குவதைவிட, இப்படி ஒன்றை வைத்துக்கொள்வது மேல்.

அந்த ஒன்று எது என்று கேட்டால், பாரோமீட்டர் என்பேன். 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை' என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் வானொலியில் கேட்கிறோமே, அந்தக் காற்றழுத்தத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அது. பாதரசம் இல்லாத வட்ட வடிவப் பாரோமீட்டரை 1844-இல் உருவாக்கியவர் லூசியன் விடி என்ற பிரெஞ்சுக்காரர். உள்ளே, காற்றை வெளியேற்றி மூடிய ஒரு சின்னத் தகட்டுப் பெட்டி இருக்கும். மேல்தகடு வட்ட வட்டமாக மடிப்பு விழுந்தது. வெளிக்காற்றின் அழுத்தம் கூடினால் பெட்டி துளி அமுங்கும், குறைந்தால் துளி எழும்பும். கண்ணுக்கே தெரியாத அந்த அசைவை நெம்புகோல்களும் மெல்லிய சங்கிலியும் பெருக்கி முள்ளைத் திருப்புகின்றன.

முகப்பில் மழை, மாற்றம், தெளிவு என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இங்கிலாந்து வானிலையை வைத்து எழுதியது அது. நம் ஊருக்குப் பொருந்தாது. நமக்கு அதைவிடச் சுவையான வேறொன்று தெரியும். வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணிக்கு இறக்கம். மறுபடி இரவு பத்துக்கு ஏற்றம், விடியற்காலை நான்குக்கு இறக்கம். குளிர் நாடுகளில் இந்தத் தாளம் மற்ற மாற்றங்களுக்குள் அமுங்கிவிடும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ சாதாரண நாளிலேயே தெரியும். கண்ணாடியின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். காலை பத்து மணிக்கு அதைத் திருகி, பித்தளைக் குறிமுள்ளை முள்ளின் மேல் நிறுத்துங்கள். மாலை நான்கு மணிக்கு விரலால் கண்ணாடியை லேசாகத் தட்டிவிட்டுப் பாருங்கள். முகப்பிலுள்ள அங்குல அளவில், முள் ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இடப்பக்கம் இறங்கியிருக்கும். வெளியே ஒரு மேகம்கூட இருக்காது! நாம் வாழும் காற்றுக் கடலுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு என்பதை உங்கள் வீட்டுச் சுவரிலேயே பார்க்கிறீர்கள். முள் ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். புயல் நெருங்குவதை அந்தக் காலத்து மாலுமிகள் அறிந்துகொண்ட வழிகளில் அதுவும் ஒன்று.

வாங்கியதும், வானிலைத் துறை அன்று சொல்லும் கடல்மட்ட அழுத்தத்துக்கு முள்ளைச் சரிசெய்ய வேண்டும். பின்புறம் ஒரு சிறு திருகாணி இருக்கும், மெதுவாகத் திருப்புங்கள். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சாதாரண வீட்டுப் பாரோமீட்டரின் அளவு அந்த உயரத்துக்கு எட்டாது. மலைப் பகுதிக்கென்று செய்ததைத் தேடுங்கள்.

எங்கே கிடைக்கும்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பொறுமையாகத் தேடலாம். ஆய்வுக்கூடத்தைக் காலி செய்யும் பள்ளி, கல்லூரிகளின் ஏலத்திலும் நல்லது வரும். ஒன்று கவனியுங்கள். பித்தளையில் பளபளக்கும், மாலுமிகள் கோணம் அளக்கும் செக்ஸ்டண்ட்டுகளும் தொலைநோக்கிகளும் இன்றும் ரூர்க்கி போன்ற ஊர்களில் அலங்காரத்துக்காகப் புதிதாகச் செய்யப்படுகின்றன. புதியது என்று சொல்லி விற்றால் தவறில்லை. பழையது என்று சொன்னால், நுண்ணிய பிரிவுகளைப் படிக்க உதவும் வெர்னியர் அளவைப் பாருங்கள். உண்மையான கருவியில் கோடுகள் மயிரிழையாக இருக்கும், வெர்னியரின் கணக்கு சரியாக வரும். அலங்காரப் பொருளில் கோடு தடித்திருக்கும், கணக்கு உதைக்கும்.

கருவி வீட்டுக்கு வந்ததும், அதைத் துலக்க நம் கை புளியைத் தேடும். வேண்டாம். பழைய பித்தளைக் கருவிகளின் மேல் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிய ஒரு பொன்னிற மெருகு உண்டு. புளியும் பாலீஷும் அதை உரித்துவிடும், மீண்டும் வராது. உலர்ந்த மென்துணி போதும். மைக்ராஸ்கோப் லென்ஸுக்கு எதிரி நம் கடற்கரை ஈரம். தோல் பைக்குள் பூட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமான அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். காகித சார்ட்டின் மேல் நேர்வெயில் படக்கூடாது.

சிலவற்றை வீட்டுக்குள் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பாதரசம் நிறைந்த நீளக்குழாய்ப் பாரோமீட்டர் உடைந்தால், குழந்தைகள் உள்ள வீட்டில் அது பேராபத்து. இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசிய பழைய கடிகாரமும் அப்படித்தான். ஒளி மங்கிவிட்டதால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மங்கியது அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். கையில் இருந்தால் பின்மூடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். பாடம் செய்த விலங்குகளையும் தவிர்த்துவிடுங்கள். வனவிலங்குச் சட்டம் ஒரு காரணம். பழைய தோல்களில் ஆர்செனிக் தடவியிருப்பார்கள் என்பது இன்னொரு காரணம்.

காசு செலவழிக்காமல் தொடங்க ஆசையா? பரணில் பாருங்கள். தாத்தாவோ பெரியப்பாவோ 1970-களுக்கு முன் பொறியியல் படித்தவராக இருந்தால், பட்டையை நகர்த்திக் கணக்குப் போடும் ஒரு ஸ்லைடு ரூல் எங்கேயாவது கிடக்கும். ஜப்பானின் ஹெம்மி நிறுவனம் மூங்கிலில் செய்தது என்றால் இன்றைக்கும் வழுவழுவென்று நகரும். 1972-இல் ஹெச்.பி-35 என்ற கையடக்கக் கால்குலேட்டர் வந்த பிறகுதான் அதற்கு வேலை போயிற்று. அதுவரை பாலமும் அணையும் அதைக் கொண்டே கணக்கிடப்பட்டன. அதைச் சட்டம் போட்டுக் கண்ணாடிக்குள் அடைத்துவிடாதீர்கள். பேரப்பிள்ளை கையில் கொடுத்து, நடுப்பட்டையிலுள்ள சி அளவின் ஒன்றை, கீழேயுள்ள டி அளவின் இரண்டுக்கு நேராக நகர்த்தச் சொல்லுங்கள். சி-யில் மூன்று எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் கீழே டி-யில் என்ன எண் என்று கேளுங்கள். ஆறு என்று சொல்வாள். எப்படி வந்தது என்று அடுத்து அவள்தான் உங்களைக் கேட்பாள். பதில் மடக்கையில் இருக்கிறது, அதன் அட்டவணையைக் கொஞ்சம் புரட்டி வைத்துக்கொள்ளுங்கள்.