காவிரி வண்டலின் தாய்வீடு

தஞ்சைச் சமவெளியின் மேல்மண் காவிரி கொண்டுவந்த வண்டல். குவாட்டர்னரி எனப்படும் கடந்த 26 லட்சம் ஆண்டுக் காலத்தின் கடைசிப் பகுதியில் படிந்தது. அதன் மணலில் குவார்ட்சும் பெல்ட்ஸ்பாரும் மிகுதி. கனமான துகள்களில் ஹார்ன்பிளெண்ட், கார்னெட். தாய்ப்பாறை தொலைவில் இருக்கிறது: கர்நாடகத்தின் சார்னோகைட், பெங்களூருக்கு அடியிலும் பரவியுள்ள தீபகற்ப நைஸ்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுக உச்சத்தில், கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடல் மறுபடி ஏறியபின் உருவானதே இன்றைய டெல்டா.

ஒப்பிட்டுப் பார்த்தால், ஆர்க்டிக் துந்திராவின் லீனா ஆற்று மணலிலும் குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் உண்டு. ஆனால் அங்கே பாறையை உடைப்பது பெரும்பாலும் உறைபனி. வேதிச் சிதைவு குறைவு. வண்டலுக்குள் பனிக்கட்டியே ஆப்புகளாக இறங்கி நிற்கிறது, வினோதம்தான். இங்கே, காவிரிக்கரையில், வெயிலும் மழையும் பெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகின்றன. நெல்வயலில் நீரைத் தேக்கிவைப்பது அந்தக் களிமண்.