ஜப்பான் களையும் வீட்டுத் தோட்டப் பீதியும்



இங்கிலாந்தில் வீடும் கொல்லையுமாகக் குடியிருக்கிற உங்களிடம் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு களையைப் பற்றியதாகும். களைக்கு ஒரு பிரசங்கமா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்த ஒரு களை கொல்லையில் முளைத்திருக்கிறது என்பதற்காகவே பாங்கிக்காரர்கள் வீட்டுக்குக் கடன் இல்லையென்று கையை விரித்ததும், வாங்க வந்தவர்கள் திரும்பிப் பாராமல் போனதும், நல்ல வீடுகள் விலைபோகாமல் கிடந்ததும் இந்நாட்டில் நடந்த காரியங்களேயாகும். பேய் பிடித்த வீடு என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கேட்பதை நாம் அறிவோம். அதற்கும் இதற்கும் வித்தியாசம் மிகவும் சொற்பம்.

ஜப்பான் நாட்வீட் என்னும் இச்செடி மூங்கில்போல் உள்ளே பொள்ளலான தண்டும், அதில் சிவப்புப் புள்ளிகளும், அகன்ற இலையும், கோடைக் கடைசியில் வெண்மையான பூங்கொத்தும் உடையது. இரண்டு, மூன்று மீட்டர் உயரம் வளரும். இது தானாகக் கடல் தாண்டி வந்ததா என்றால் இல்லை. சீபோல்ட் என்ற ஜெர்மானிய வைத்தியர் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1847ல் ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகரத் தோட்டக்கலைச் சங்கம் அவ்வருஷத்தின் சிறந்த புது அலங்காரச் செடி என்று இதற்குத் தங்க மெடல் கொடுத்தது. 1850ல் லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு பணக்காரர்கள் காசு கொடுத்து வாங்கித் தங்கள் தோட்டங்களில் வைத்தார்கள். 1981ம் வருஷத்துச் சட்டமோ இதைக் காட்டுவெளியில் நடுவதும் பரவவிடுவதும் குற்றம் என்றது. மெடல் வாங்கியதும் அதே செடிதான், குற்றவாளிக் கூண்டில் நிற்பதும் அதே செடிதான்.

இன்னுமோர் அதிசயம் பாருங்கள். பிரிட்டனில் உள்ள இச்செடிகள் அனேகமாக எல்லாம் ஒரே பெண் செடியின் துண்டுகளேயாகும். தன் இனத்து ஆண் இல்லாததால் விதையால் பெருகுவதில்லை. மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டில் நகக்கண் அளவு துண்டு போதும், புதிய செடி கிளம்பிவிடும். ஆகவே இதைப் பரப்பியது மண்வெட்டியும், மண் ஏற்றிய வண்டியும், ஆற்று வெள்ளமுமேயாகும்.

நிற்க. இது வீட்டையே பிளந்துவிடும், கான்கிரீட்டைத் துளைத்துவிடும் என்கிறார்களே, அதற்கு ருஜு என்ன? 2018ல் சில ஆராய்ச்சிக்காரர்கள் வடக்கு இங்கிலாந்தில் வருஷக்கணக்காகக் குடியின்றிக் கிடந்த 68 வீடுகளைப் பரிசோதித்தார்கள். இக்களை செய்த சேதத்தைவிட மரங்களும் படர்கொடிகளும் செய்த சேதமே அதிகமாயிருந்தது. ஏற்கெனவே உள்ள வெடிப்பில் நுழைந்து அதைப் பெரிதாக்குமே தவிர, உறுதியான அஸ்திவாரத்தை உடைக்கும் சக்தி இதற்கில்லை. 2019ல் பார்லிமெண்டின் விஞ்ஞானக் கமிட்டியும், பாங்கிகள் அளவுக்குமீறிப் பயப்படுகின்றன என்றே சொல்லிற்று. ஏழு மீட்டருக்குள் செடி இருந்தால் ஆபத்து என்ற பழைய கணக்கை வீடு மதிப்பிடுவோர் சங்கமே 2022ல் கைவிட்டது. அதற்காக இது சாதுவான செடியென்று நாம் சொல்லவரவில்லை. ஆற்றங்கரைகளில் மற்றச் செடிகளைத் தலையெடுக்கவொட்டாமல் நிழலிலேயே அமுக்கிவிடுகிறது. தோட்டத்து நடைபாதையின் இடுக்கிலும் சாக்கடைக் குழாயின் பொத்தலிலும் புகுந்துவிடுகிறது. ஒழிக்கத்தான் வேண்டும். எப்படி ஒழிப்பது என்பதில்தான் புத்தி வேண்டியிருக்கிறது.

முதல் மூடத்தனம், கண்டவுடன் வெட்டுவதும் தோண்டுவதும். ஒரு துண்டாயிருந்தது அப்போது நூறு துண்டாகிறது. இரண்டாவது மூடத்தனம், வசந்த காலத்தில் முளை கிளம்பியவுடன் மருந்தை ஊற்றுவது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி செய்யும் வேலையைக் கவனியுங்கள். இலையில் விழுந்த மருந்து, இலையில் உண்டாகும் சர்க்கரைச் சத்து போகும் வழியிலேயே கூடப் போகிறது. செடி தன் உடலை வளர்க்கத் தேவையான சில பொருள்களை உண்டாக்கவொட்டாமல் தடுத்து அதைக் கொல்லுகிறது. வசந்தத்தில் சத்து கிழங்கிலிருந்து மேலே ஏறுகிறது. பூத்து முடிந்து இலை உதிருமுன், அதாவது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரையில், சத்து கீழே கிழங்குக்கு இறங்குகிறது. அப்போது இலையில் தெளித்தால் செடியே மருந்தைச் சுமந்துபோய்த் தன் வேருக்குக் கொடுக்கிறது. அதிக மருந்து அதிகப் பலன் என்று கெட்டியாகக் கலந்தால் இலை உடனே கருகிவிடும். கருகிய இலை எதைக் கீழே அனுப்பும்?

இது வாய்ப்பேச்சல்ல. வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சீ சர்வகலாசாலையார் 19 முறைகளை மூன்று வருஷம் பரிசோதித்து 2018ல் முடிவை வெளியிட்டார்கள். கிளைபோசேட்டைத் தக்க பருவத்தில் இலையில் தெளித்ததே நல்ல பலன் தந்த முறைகளில் முக்கியமானது. ஆனால் எந்த முறையும் மூன்று வருஷத்தில் அடியோடு ஒழிக்கவில்லை. ஆகவே ஒரே தடவையில் ஒழித்துத் தருகிறேன், இத்தனை ஆயிரம் பவுன் கொடு என்று வருகிறவனுக்கும் தாயத்து விற்கிறவனுக்கும் என்ன பேதம் என்று நீங்களே யோசியுங்கள். மேலே தண்டு காய்ந்தாலும் கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கலாம். மறுவருஷம் குட்டையாய், இலை சுருங்கி முளைத்தால் அதற்கும் இலையுதிர் பருவத்தில் மருந்து கொடுக்கவேண்டும்.

மருந்தே விஷமல்லவா என்று கேட்பீர்கள். 2015ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் இது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. அதே வருஷம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவ்வாறு கருத இடமில்லை என்றார்கள். முன்னவர் பார்த்தது பொருளின் தன்மையை. பின்னவர் பார்த்தது பயன்படுத்தும் அளவில் நேரும் ஆபத்தையும் சேர்த்து. எப்படியாயினும் கையுறை போடுங்கள், காற்றடிக்காத நாளில், மழை வராத வேளையில், புட்டியில் கண்ட அளவில் மட்டும் தெளியுங்கள். ஓடைக்கரையாயிருந்தால் சர்க்கார் சுற்றுச்சூழல் இலாகாவின் அனுமதி வேண்டும். வெட்டிய தண்டையோ மண்ணையோ குப்பைத் தொட்டியில் போடக்கூடாது.

உங்கள் கொல்லையில் இச்செடி இருப்பதே குற்றமல்ல. மறைப்பதில்தான் வம்பு. வீடு விற்கும்போது நிரப்பும் படிவத்தில் இதைப்பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. லண்டனில் ஒருவர் அதற்கு "இல்லை" என்று எழுதி வீட்டை விற்றார். வாங்கியவர் கொல்லையில் செடியைக் கண்டு வழக்காடினார். 2023ல் 32,000 பவுன் நஷ்டஈடும், அதற்குமேல் கோர்ட்டுச் செலவும் விற்றவர் தலையில் விழுந்தன. நிச்சயமாகத் தெரியாதவர்களுக்கு அந்தப் படிவத்திலேயே "தெரியாது" என்று ஒரு கட்டமும் உண்டு.