பின்வரிசைக்காரர்களோடு ஒரு பேச்சு



தாலந்து, அதாவது கடவுள் தந்த திறமை, என்றதும் நமக்குப் பாடற்குழுதான் ஞாபகம் வருகிறது. குரல் உள்ளவர் பாடுகிறார், பழகியவர் ஆர்மோனியம் வாசிக்கிறார். மற்றவர்கள் 'எனக்கென்ன தெரியும்' என்று பின்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறோம். அந்தப் பின்வரிசைக்காரர்களோடுதான் இன்று எனக்குப் பேச்சு. அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1692இல் இந்தக் கண்டிக்கு வந்த ஒரு கோவாக் குருவானவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். அவர்தான் யோசப் வாஸ் அடிகளார். 1687இல் ஒல்லாந்தர் கண்ணில் படாமல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் பிச்சையெடுத்துக்கொண்டே மறைந்து பணி செய்தவர். கண்டிச் சிறையில் கிடந்த நாட்களில் சிங்களம் படித்தார். சும்மா இருக்கத் தெரியாத மனுஷர்!

1697இல் நகரத்தில் பெரியம்மை. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். அரசன் விமலதர்மசூரியனும் நகரை விட்டுப் போனான். தாய் பிள்ளையை விட்டாள், பிள்ளை தாயை விட்டது. குற்றம் சொல்லாதீர்கள், கொரோனாக் காலத்தில் நாம் கதவைச் சாத்திக்கொண்டதை மறந்துவிட்டோமா? அடிகளார் போகவில்லை. அவர் வைத்தியம் படித்தவரா? இல்லை, படித்தது இறையியல். புண்ணைக் கழுவினார், சோறு கொடுத்தார், செத்தவர்களைப் புதைத்தார். என்ன சமயம் என்று கேட்கவில்லை. அதை அறிந்த அரசன், பிறகு அவருடைய பணிக்குத் தடை வைக்கவில்லை. எத்தனை பிரசங்கம் செய்திருந்தாலும் அந்த அனுமதி கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1705இல் வாஸ் அடிகளாருக்குத் துணையாக யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்தார். அவர் மொழிப்புலி. தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தேவ அருள் வேத புராணம் அவர் தமிழுக்குத் தந்தது. சரி, அவர் படித்தவர். ஆனால் வாஸ் அடிகளாரோடு கோவாவிலிருந்து கூடவே வந்து, கூடவே கண்டிச் சிறையிலும் இருந்தானே யோவான் என்ற உதவியாள், அவனுக்கு என்ன தாலந்து? கூட நின்றான். வரலாறு அவனுக்கு ஓரிரு வரிதான் ஒதுக்குகிறது. எனக்கு அது போதாது.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். கொடி பிடித்தோம், படம் எடுத்தோம். நல்லதுதான். அதற்குப் பிறகு? நாம் செய்ய வேண்டியது பக்கத்திலேயே இருக்கிறது.

தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி கிளினிக்குக்கு வருகிறார். சிங்களத்தில் எழுதிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வரிசை, எந்த மாத்திரை காலையில் என்று தெரியாமல் நிற்கிறார். இங்கே இருக்கிற இளம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. அதை ஒரு தாலந்து என்று யாரும் உங்களுக்குச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன். கிளினிக் நாளில் அரை நாள் அந்தப் பாட்டியோடு நிற்க முடிந்தவர்கள், தேநீர் குடிக்கப் போகுமுன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். சிங்களம் வராதவர்களும் கொடுக்கலாம். பாட்டியின் பையைத் தூக்க ஆள் வேண்டும்.