எட்டு வீதம் யார் காசு?

ரத்தோட்டையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் அரைப்பேரை, அரைநாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். சம்பளத்தில் மாதா மாதம் பிடித்த அந்த 8 வீதம் யார் காசு?

உங்கள் காசு! 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தொழிலாளியிடம் 8, முதலாளியிடம் 12. பிடிக்க ஒரு மாதமாவது மறந்தார்களா? கட்டுவதில்தான் துரைமாருக்கு ஞாபக மறதி! ஜனவசம, எல்கடுவ என்று அரசாங்கத்தின் சொந்தத் தோட்டங்களே பாக்கி வைத்த கதை பாராளுமன்றம் வரை நாறியது.

வேலையிலிருந்து நின்ற ஒரு அம்மா போன மாதம் என்னிடம் வந்தார். சம்பளத் துண்டுகளைச் சீலைத்துணியில் முடிந்து கொண்டுவந்து மேசையில் கொட்டினார். எல்லாத் துண்டிலும் காசு பிடித்திருக்கிறது. கணக்கில் பல வருசம் வெறுமை. "வழக்குப் போடலாம் அம்மா" என்றேன். "லோயருக்கு என்னா குடுக்கிறது தம்பி?" என்றார். வாயடைத்துப் போனேன். வரவேண்டிய காசைவிடச் செலவு கூட. அது துரைக்கும் தெரியும்; அதனால்தான் ஐயா நிம்மதியாகத் தூங்குகிறார்! அதே லயத்தில் வீட்டுக்கு வீடு அதே பாக்கி. ஆனால் தனித்தனியாக வா என்கிறது கோர்ட்டு. அதனால்தான் கேட்கிறேன், எல்லோருக்கும் சேர்த்து ஒரே வழக்குப் போட ஒரு கூட்டு வழக்குச் சட்டம் வேண்டும்.

சட்டம் படித்த கனவான்கள் சொல்கிறார்கள், "குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 16ஆம் பிரிவு இருக்கிறதே!" இருக்கிறது ஐயா, 1889இலிருந்து இருக்கிறது. பலருக்காக ஒருவர் வழக்காட முதலில் கோர்ட்டின் அனுமதி வேண்டும். பிறகு அத்தனை பேருக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் பகிரங்க விளம்பரம். செலவு யாருடையது? கேட்டவருடையது! கொழுந்துக் கூடை சுமக்கிறவள் பத்திரிகை விளம்பரம் போடுவாளா?

"அடிப்படை உரிமை வழக்குப் போடு" என்கிறார் இன்னொருவர். அதற்கு ஒரு மாதக் கெடு. அதுவும் அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான். ஆனாலும் சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் கலந்தபோது சுற்றாடலுக்காக ஒருவர் போட்ட அடிப்படை உரிமை வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் மின் கம்பெனியை 2 கோடி ரூபாய் கட்டச் சொன்னது, ஊராருக்கு! ஒருவர் போட்டு ஊருக்கே கிடைக்க முடியுமென்றால் நமக்கு மட்டும் ஏன் கதவு பூட்டு?

"கூட்டு வழக்கு வந்தால் கோர்ட்டு நிரம்பிவிடும்" என்று அழுகிறார்கள். ஆயிரம் வழக்கு ஒன்றானால் எப்படியப்பா நிரம்பும்? கணக்கு வாத்தியாரிடம் கேளுங்கள்!

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. தோட்டக் கம்பெனிகள் என்ன செய்தன? ஒன்றாகச் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. அவர்கள் கூடினால் உரிமை, நாம் கூடினால் கலகமா? மாசி மகத்தில் முத்துமாரி தேரை ஆளுக்கொரு நாள் தனியாக இழுக்கச் சொல்வார்களா?

நம் தொழிற்சங்கத் தலைவர்மாரையும் கேட்கிறேன். சந்தா மட்டும் மாதம் தவறாமல் பிடிபடுகிறதே, அதில் கூட்டு வழக்குச் சட்டத்துக்கு ஒரு கடுதாசியாவது எழுதினீர்களா? பொன்னாடைக்குத் தோள் இருக்கிறது, இதற்குக் கை இல்லையா?

தாய்மாரே, பழைய சம்பளத் துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள். பத்திரமாக வையுங்கள். வாக்குக் கேட்டு எவர் லயத்துக்கு வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னால் அந்தத் துண்டைக் காட்டுங்கள். கூட்டு வழக்குச் சட்டத்துக்குக் கை தூக்குவாயா என்று கேளுங்கள். மழுப்பினால், வந்த பாதையைக் காட்டி அனுப்புங்கள்!