கடித உறையை வெட்டாதேங்கோ



எட்மண்டனுக்குப் பக்கத்தில், ரொட்டன்ஹாமில் புரூஸ் காசில் இருக்கிறது. 1840இல் உலகின் முதல் முத்திரை 'பென்னி பிளாக்' வரக் காரணமான ரோலண்ட் ஹில் முன்பு அங்கே பள்ளிக்கூடம் நடத்தியவர். அமெரிக்கா முழுவதுக்குமான முதல் முத்திரைகள் 1847இலும், இலங்கையின் முதல் முத்திரை 1857இலும் வந்தன.

பழைய அமெரிக்க முத்திரை, தபாற்கந்தோர் சீலோடு உறையிலேயே இருந்தால் சேகரிப்போர் கூடுதலாக மதிப்பார்கள். ஏன்? கடிதம் எங்கிருந்து, எப்போது வந்தது என்று உறைதான் சொல்லும்.

எங்கட வீடுகளிலும் ஊர்க் கடிதங்கள் இருக்கு. பிள்ளையள், முத்திரைக்காக உறையை வெட்டாதேங்கோ. பின்பக்கத்தில் அம்மம்மா எழுதின விலாசத்தைப் பாருங்கோ. சில வீடுகள் இன்று இல்லை. விலாசம் மட்டும்தான் மிச்சம். அதைப் பத்திரமாக வையுங்கோ.